சமத்தும் சண்டியும்

பிப்ரவரி 11

தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். இன்று அந்த வரி வரவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் வேண்டிக்கொண்டு மறுபடி வந்து உட்கார்ந்தேன். அப்போதும் வரவில்லை.

போனில் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ சிரிப்பாய், "ஐயோ அக்கா, உனக்கு வேற வேலையே இல்லையா" என்பாய். நானும் கேட்க வந்ததை விழுங்கிவிட்டு, "சாப்டியாடா" என்று முடித்துவிடுவேன். சின்ன வயதிலிருந்தே உன் சிரிப்பிடம் நான் ஏமாந்திருக்கிறேன். எழுத்தில் உன்னால் சிரிக்க முடியாது.

நேற்று மீட்புப் படைத் தலைவர் கடைக்கு வந்தார். உன் மாமா வெளியே போயிருந்தார். வாடகைக்குப் போய் வந்து, வீட்டில் அலசி உலர்த்திய முக்குளிப்பு ரெகுலேட்டர்களை வாளியில் வைத்து நான்தான் கொண்டுபோயிருந்தேன். வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இந்த வாட்டி வேற கம்பெனிக்கிட்ட முடிவு பண்ணிட்டோம்."

"எங்களோடதுல என்ன சார் குறை?"

"குறைன்னு இல்ல. அவங்களோடது சமத்து, உங்களோடது சண்டி. அவங்க குடுத்த விளக்கத் தாள்ல அப்படித்தான் போட்டிருக்கு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "நல்லா இருக்குல்ல? புள்ளைங்களைச் சொல்ற மாதிரி."

எனக்கு வாளியைக் கீழே வைக்கத் தெரியவில்லை. பிடித்தபடியே நின்றேன்.

அந்த இரண்டு வார்த்தையும் எங்கே பிறந்தது என்று உனக்கு நினைவிருக்கும். நீ நம் கடையில் வேலை பார்த்தபோது, நம் சாப்பாட்டு மேசையில். பெட்டியோடு வந்த ஆங்கிலத் தாளை அகராதி வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றுக்கு பேலன்ஸ்டு என்று போட்டிருந்தது, மற்றதற்கு அன்பேலன்ஸ்டு. அகராதி 'சமநிலை' என்றது. அதை வைத்து நான் என்ன செய்ய? உன் மாமாதான் விளக்கினார். ஒரு வகையில் சிலிண்டரில் காற்று குறையக் குறைய மூச்சு இழுக்கக் கஷ்டமாகிக்கொண்டே வரும். இன்னொரு வகை காற்று தீரப்போகிற நேரம் வரைக்கும் ஒரே மாதிரி லேசாகக் கொடுத்துக்கொண்டிருக்கும். "அப்போ இது சண்டி, அது சமத்து" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் கையிலிருந்த திருகு உருண்டு குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் போய்விட்டது.

கடையில் அந்த வார்த்தைகளை நாம் சொன்னதே இல்லை. "கஸ்டமர் முன்னாடி சண்டின்னு சொன்னா எவன் வாங்குவான்" என்று உன் மாமா தடுத்துவிட்டார். உலகத்தில் மூன்று பேருக்குத்தான் அவை தெரியும். நான் சொல்லவில்லை. உன் மாமா பேசுகிற ஆளே இல்லை. மிச்சம் யார்? அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறவனும் நீதானே.

சமையலறை அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் நான் மாட்டி வைத்திருக்கிற அட்டையை நீ பார்த்திருக்கிறாய். முன்பக்கம் ஒவ்வொரு ரெகுலேட்டரின் பலம், பின்பக்கம் பலவீனம். வரவும் செலவும் எழுதிப் பழகின கை. ஒன்றை எழுதி மற்றதை விட்டால் எனக்குத் தூக்கம் வராது. போன மாதம் நீ வந்து தங்கினாய். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாய். நான் "ஃபில்டர்ல பிடிச்சுக்கோ" என்று இங்கிருந்தபடியே குரல் கொடுத்தேன்.

கேட்டிருந்தால் நானே கழற்றிக் கொடுத்திருப்பேனே. அக்காவிடம் கேட்பதற்கு என்ன வெட்கம்?

உன் அக்கா


பிப்ரவரி 19

அக்கா,

உன் கடிதத்தைப் பார்த்ததும் பயந்தே போய்விட்டேன், யாருக்கோ உடம்பு சரியில்லை என்று. இந்தக் காலத்தில் தபாலில் கடிதம் வந்தால் எங்கள் அலுவலகமே கூடி நின்று பார்க்கிறது. "ஊர்ல பொண்ணு பாத்துட்டாங்களா?" என்று ஒருவன் கேட்டான். ஏற்கெனவே பார்த்துக் கட்டி வைத்ததையே சமாளிக்க முடியவில்லை என்றேன்.

சமத்து, சண்டி எல்லாம் ஊரில் எல்லோரும் பேசுகிற வார்த்தைகள்தானே அக்கா? நீ என்ன அவற்றுக்குப் பட்டா வாங்கி வைத்திருக்கிறாயா? பேச்சு வாக்கில் எனக்கு வாயில் வந்திருக்கும், விளக்கத் தாள் தயாரித்தவன் பிடித்துக்கொண்டிருப்பான்.

சரி, வார்த்தையை விடு, சரக்கைப் பார். மீட்புப் படை எங்கே இறங்குகிறது? அணைக்குப் பின்னால் இருக்கிற நீர்த்தேக்கத்தில். அடியில் ஐஸ் மாதிரி குளிர், சோற்றுக் கஞ்சி மாதிரிச் சேறு. நம் கடைச் சண்டி பிஸ்டன் வகை. தண்ணீர் நேராக உள்ளே போய் ஸ்பிரிங்கைத் தொடும். தண்ணீரோடு சேறும் போகும். குளிரில் ஸ்பிரிங்கைச் சுற்றிப் பனி பிடித்தால், மூட வேண்டியது மூடாமல் காற்று தானாகக் கொட்ட ஆரம்பிக்கும். ஒருமுறை படையில் இருக்கிற அந்த ஒல்லிப் பையன் ஒட்டடைக்கம்புக்கு அப்படிக் கொட்டி, அவன் சோடா பாட்டில் மாதிரி மேலே வந்தது உனக்கு மறந்துபோச்சா? எங்களுடையது டயாஃப்ரம் வகை. நடுவில் ஒரு ரப்பர்த் திரை. தண்ணீர் வெளியே, வேலை உள்ளே. சேறு எட்டிப் பார்க்க முடியாது.

அப்புறம் சிலிண்டரில் மாட்டுகிற விதம். நம்முடையது மேலே கவ்விப் பிடிக்கிற கவ்வி. நடுவில் இருக்கிற ரப்பர் வளையம் பிதுங்கினால் காற்று போச்சு. எங்களுடையது திருகி உள்ளே இறங்குகிற மரை. இடித்தாலும் அசையாது.

நீயே சொல், எது நல்லது? மாமா கடையில் விற்பதாலேயே சண்டி நல்ல பிள்ளை ஆகிவிடுமா? உன் சாமி சாட்சியாகச் சொல்.

இங்கே எனக்குக் கண்ணாடி அறை கொடுத்திருக்கிறார்கள். மேசைமேல் ரெகுலேட்டரை வெல்வெட் துணியில் வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் வாளியில் அலசிய காலத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறது. மாமாவுக்கு என் வணக்கம் சொல். ரொம்ப யோசித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

தம்பி


பிப்ரவரி 27

தம்பிக்கு,

சாமியைச் சாட்சிக்குக் கூப்பிட்டாய். சரி, சாட்சியாகவே சொல்கிறேன்.

குளிருக்கும் சேற்றுக்கும் டயாஃப்ரம் வகைதான் நல்லது. அதை நான் உன்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. என் அட்டையின் முன்பக்கத்தில் நான் எழுதியதைத்தான் நீ எனக்கே படித்துக் காட்டியிருக்கிறாய். மரையும் அப்படித்தான். கவ்வியை இருட்டில்கூட மாட்டலாம், எல்லாச் சிலிண்டருக்கும் பொருந்தும் என்பது அதன் பலம். மரை கீழே விழுந்து நசுங்கினால் உள்ளே இறங்காது என்பது இதன் பலவீனம். ஆனாலும் நீர்த்தேக்கத்தில் இறங்குகிறவனுக்கு மரைதான் நல்லது. இதையும் ஒப்புக்கொள்கிறேன்.

படைக்கு உன் சரக்குப் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. அது வயிற்றுக் கவலை. அதைக் கடவுள் பார்த்துக்கொள்வார். நான் கேட்பது வேறு.

படைத்தலைவரிடம் கேட்டு அந்த விளக்கத் தாளை வாங்கி வந்தேன். அடுப்படியில் வைத்து வரி வரியாக என் அட்டையோடு சேர்த்துப் பார்த்தேன். என் எழுத்தை அழகாக அச்சடித்திருக்கிறார்கள். 'சமத்து, கடைசிவரை மாறாத மூச்சு' என்று பெரிய எழுத்தில் தலைப்பு. சண்டியைப் பற்றி, அன்று மேசையில் உன் மாமா விளக்கியதை வைத்து 'போகப் போக மூச்சு முட்டும்' என்று ஒரே ஒரு வரி. திருப்பிப் பார்த்தால் பின்னால் வெள்ளையாக இருக்கிறது.

என் அட்டைக்குப் பின்பக்கம் இருக்கிறது. அதில் சமத்துக்கு நேரே நான் எழுதிய முதல் வரி உனக்கு மனப்பாடம். 'தீரப்போவதைச் சொல்லாது.' சண்டி போகப் போக இழுக்க விடாது, உண்மைதான். அது குறையும்தான், எச்சரிக்கையும்தான். "போதும், மேலே வா" என்று முணுமுணுக்கிற முணுமுணுப்பு அது. சமத்து கடைசி வரை சிரித்த முகமாகக் கொடுத்துவிட்டு, திடீரென்று கையை விரித்துவிடும்.

காற்றளவு காட்டும் மானி எதற்கு இருக்கிறது என்று கேட்பாய். தெளிந்த கடலில் கேள். சேற்றில் மானியை முகக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தாலும் முள் தெரியாது என்று நீயே நனைந்த தலையோடு வந்து சொல்லியிருக்கிறாய். அந்தப் படையில் இருக்கிற பழைய ஆட்கள் எல்லோரும் நம் கடைச் சண்டியில் பழகியவர்கள். மானியைப் பார்த்துப் பழகவில்லை, மூச்சைப் பார்த்துப் பழகியவர்கள். அவர்கள் வாயில் சமத்தை மாட்டுவதானால், கரையில் கடிகாரம் வைத்து நேரம் பார்த்துக் கயிற்றை இழுக்க ஓர் ஆள் கட்டாயம் நிற்க வேண்டும். அதுவும் பின்பக்கத்தில் இருக்கிறது.

இன்னொன்று. உன் மாமாவைப் படைக்குப் பயிற்சி கொடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்களாம். புதுச் சரக்கைப் போட்டு அவரே முதலில் இறங்கிக் காட்ட வேண்டுமாம். "யாருங்க கூப்பிட்டது?" என்று கேட்டேன். "படைதான்" என்றார். "கடை?" என்றேன். "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார். இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் "சரி, சரி" என்கிறார். நான் என்ன கேட்டேன் என்றே அவர் காதில் விழவில்லை என்று தெரிகிறது.

சண்டியில் பழகியவர்களில் அவர்தான் மூத்தவர் என்பதை உனக்கு நான் நினைவுபடுத்த வேண்டுமா?

எனக்கு ஒரே ஒரு வரி வேண்டும். 'இந்த ரெகுலேட்டர் காற்று தீரப்போவதை உணர்த்தாது, கரையில் நேரம் பார்க்க ஆள் வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் படைக்கு அனுப்பு. அட்டையை எடுத்ததற்கு மன்னிப்புக்கூடக் கேட்க வேண்டாம்.

நான் போய்ச் சொன்னால் ஆர்டர் போன வயிற்றெரிச்சல் என்பார்கள். விற்ற நீ சொன்னால்தான் கேட்பார்கள்.

அக்கா


மார்ச் 8

அக்கா,

இந்த முறை சிரிக்காமல் எழுதுகிறேன்.

நீ கேட்கிற வரியை என்னால் அனுப்ப முடியாது. அதை அனுப்பினால், அது ஏன் முதல் தாளில் இல்லை என்று கேட்பார்கள். ஒரு வரியைச் சேர்த்தால் மற்ற எல்லா வரிக்கும் சந்தேகம் வந்துவிடும். எங்கள் முதலாளியின் மருமகன் அப்படிப்பட்ட ஆள். "நம்ம சரக்கோட குறையை நம்ம வாயாலயே சொல்றதுக்கு உனக்கு எதுக்குய்யா சம்பளம்?" என்று போன வாரம்தான் ஒருவனைக் கேட்டார். அவன் இப்போது வேலையில் இல்லை.

ஆபத்து என்று நீ பெரிதாக்குகிறாய். உலகம் முழுக்கச் சமத்தைப் போட்டுக்கொண்டு ஆட்கள் இறங்கி ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பழக்கம் ஒன்றுதான் வேண்டும். அதற்குத்தான் பயிற்சி. பயிற்சியில் மாமா சொல்லிக் கொடுப்பார். நீ அவரிடமே சொல், ஒரே வீட்டில்தானே இருக்கிறீர்கள்?

இன்னொன்று. நான் உன் அட்டையைத் தொடவில்லை. உன் வீட்டில் தண்ணீர் குடித்தேன், டம்ளரைக் கழுவாமல் வைத்தேன். அது மட்டும்தான் நான் செய்த திருட்டுத்தனம். நான் எடுக்கவில்லை, எனக்கு வந்தது. அதற்கு மேல் கேட்காதே அக்கா. கேட்டால் பொய் சொல்ல வேண்டிவரும். உன்னிடம் நான் நிறைய மழுப்பியிருக்கிறேன். நேருக்கு நேர் பொய் சொன்னதில்லை.

தம்பி


மார்ச் 29

தம்பிக்கு,

உன் மாமா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உயிருக்கு ஒன்றுமில்லை, கடவுள் கருணை. இதை முதலில் எழுதிவிட்டேன், நீ பதற வேண்டாம்.

வியாழக்கிழமை நீர்த்தேக்கத்தில் பயிற்சி. அவரும் ஒட்டடைக்கம்பும் ஜோடியாக இறங்கியிருக்கிறார்கள். மூழ்கிய படகு ஒன்றைக் கயிற்றில் கட்டுகிற வேலை. மூச்சு லேசாகவே வந்துகொண்டிருந்ததாம். "இன்னும் நிறைய இருக்குன்னு நினைச்சேன்" என்கிறார். முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு மூச்சு கனத்தது, அடுத்த மூச்சுக்கு ஒன்றும் வரவில்லை. சேற்றில் கையைத் துழாவி ஒட்டடைக்கம்பின் காலைப் பிடித்திருக்கிறார். அந்தப் பையன் உதைக்காமல் திரும்பியதுதான் என் தாலி பாக்கியம். தன் மார்பிலிருந்த மஞ்சள் குழாயை, அடுத்தவருக்கென்றே இருக்கிற உபரி வாய்க்குழாயை, இவர் வாயில் திணித்து மேலே கொண்டுவந்திருக்கிறான். அவசரமாக ஏறியதில் ஒரு காதுச் சவ்வு கிழிந்துவிட்டது. நுரையீரலுக்கு ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர்.

கரையில் கடிகாரம் வைத்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை.

நான் அவரிடம் சொல்லவில்லையா என்று கேட்பாய். சொன்னேன். போன கடிதத்தில் நீ சொல்வதற்கு முன்பே சொன்னேன். டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டே சொன்னேன், செருப்பு மாட்டும்போது சொன்னேன். "தெரியும், தெரியும், நீ ஒருத்தி" என்று போனார்.

இப்போது உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆஸ்பத்திரிச் சீட்டில் வேலை செய்யும் இடம் என்ற இடத்தில் உன் கம்பெனியின் பெயர் இருந்தது. நான் "தப்பா எழுதியிருக்கீங்க, அவருக்குச் சொந்தக் கடை" என்றேன். "இல்லம்மா, சாரே சொல்லித்தான் எழுதினோம்" என்றாள் அந்த நர்ஸ்.

உனக்கு அட்டை எப்படி வந்தது?

அக்கா


ஏப்ரல் 4

அக்கா,

மாமாதான் அனுப்பினார்.

டிசம்பரில் என்னைக் கூப்பிட்டு, "கடையை என்னால இழுக்க முடியலப்பா, உங்க கம்பெனியில ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது, ஆனால் மீட்புப் படை எங்களிடம் வந்தால்தான் பயிற்சியாளர் வேலையைத் திறப்பார்கள் என்றேன். இரண்டு நாள் கழித்துப் போனில் ஒரு படம் வந்தது. உன் அட்டை. முன்பக்கம் மட்டும். கீழே ஒரு வரி: "உங்க அக்காவுக்குத் தெரிய வேண்டாம்."

பின்பக்கத்தை நான் கேட்கவில்லை. பின்பக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அவரே அனுப்பவில்லை என்றால் அது அவர் முடிவு, அவர்தானே இறங்கப் போகிறவர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சமத்து, சண்டியை அச்சில் போட்டது என் புத்தி. நன்றாக விற்கும் என்று தோன்றியது. விற்றது.

ஜனவரியில் உன் வீட்டில் தங்கியபோது சாப்பிடும் நேரமெல்லாம் நீ எனக்கே பரிமாறிக்கொண்டிருந்தாய். மாமா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சொல்லியிருக்கலாம். உன் கையில் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே எப்படிச் சொல்வது?

இப்போது நான் கேட்கப்போவது தப்பு என்று தெரிந்தே கேட்கிறேன். படையிடம் போகாதே. வேண்டிய எச்சரிக்கையை மெதுவாக, பயிற்சிக் குறிப்பு மாதிரி, நான் வாய்மொழியாகச் சொல்லிவைக்கிறேன். நீ போய் அட்டையைக் காட்டினால் என் வேலை போகும், மாமா வேலையும் போகும். கடையை அவர் ஏற்கெனவே பாதி மூடிவிட்டார், அது உனக்குத் தெரியுமோ என்னவோ. நம் வீட்டு விஷயம் நம்மோடு இருக்கட்டும். நம்மைக் காப்பாற்று அக்கா.

தம்பி


ஏப்ரல் 15

தம்பிக்கு,

கடையைப் பாதி மூடியது எனக்குத் தெரியாது. உன் கடிதத்தைப் பார்த்துத்தான் போய்ப் பார்த்தேன். பின்னறைத் தட்டுகள் காலியாக இருந்தன. முன்பக்கம் மட்டும் எனக்காக அடுக்கி வைத்திருந்திருக்கிறார். அலசிய ரெகுலேட்டர்களை நான் வாரா வாரம் வாளியில் சுமந்துகொண்டு போனேனே, அவற்றை யாரும் வாடகைக்கு எடுக்கவே இல்லை. நான் கொண்டுபோய் வைப்பேன், அவர் அப்படியே திரும்பக் கொண்டுவந்து "அலசிடு" என்பார். நானும் சுத்தமாக இருக்கிறதே என்றுகூடச் சந்தேகப்படாமல் அலசினேன். என்னிடம் இவ்வளவு பொறுமையாக அவர் எதையும் செய்ததில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அவரிடம் கேட்டேன். சத்தம் போடவில்லை. ஒரு காது கேட்காததால் கேட்கிற காதுப் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கேட்டேன்.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ விடுவியா?"

"விட மாட்டேன். சண்டை போடுவேன். ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவேன். அப்புறம் உங்ககூட உக்காந்து வழி பாப்பேன். இதுவரைக்கும் எத்தனை தரம் பாத்திருக்கோம்?"

காதில் வைத்திருந்த பஞ்சைச் சரிசெய்தார்.

"சரி, படம் எடுத்தீங்களே, அட்டையை ஏன் திருப்பல?"

அதற்குத் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னது இதுதான். அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்துக்கூடச் சேர்க்கவில்லை.

"பின்பக்கம் பூரா நீதான் இருக்கே. ஒவ்வொண்ணுக்கும் ஒரு 'ஆனா'. கடை தொடங்கலாம்னா ஒரு ஆனா, மூடலாம்னா ஒரு ஆனா. வாழ்க்கையில ஒரு தடவை, ஆனா இல்லாம ஒண்ணு எனக்கு வேணும்னு இருந்துச்சு. தப்புதான். விடு."

தம்பி, நான் அழவில்லை என்று எழுதினால் அது பொய்க்கணக்கு. அழுதேன். சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இத்தனை வருஷம் 'சரி, சரி' என்று சொன்னவரைச் சமத்து என்று நினைத்தேன். அக்கம்பக்கத்தில் பெருமையாகவும் சொன்னேன், "எங்க வீட்டுக்காரர் ஒரு சொல் எதுத்துப் பேச மாட்டார்" என்று. உள்ளே தீர்ந்துகொண்டே வந்தது எனக்குத் தெரியவே இல்லை. நான்தான் அந்த வீட்டில் முணுமுணுக்கிற சண்டி. என் முணுமுணுப்பு எச்சரிக்கை என்று நான் நினைத்தேன். அவருக்கு அது மூச்சுமுட்டல். அதிலும் ஓர் உண்மை இருக்கலாம். இருக்கட்டும். அதை நான் சாமியிடம் பேசிக்கொள்கிறேன். ஆனால் என் குணத்துக்குத் தண்டனையாக அவர் உயிரை அடகு வைக்க அவருக்கு உரிமை இல்லை. அதை வாங்கி விற்க உனக்கும் இல்லை.

நீ கேட்டது, நம்மைக் காப்பாற்று என்று. அந்த 'நம்'மில் யார் யார் என்று யோசித்துப் பார்த்தேன். நீ இருக்கிறாய், உன் மாமா இருக்கிறார், நான் இருக்கிறேன். அடுத்தவன் காலைப் பிடித்தபோது உதைக்காமல் திரும்பினானே, அந்த ஒட்டடைக்கம்பு அதில் இல்லை. அவன் மனைவிக்கு இது எட்டாம் மாதம். வாய்மொழியாக மெதுவாகச் சொல்கிறேன் என்கிறாய். போன முறை வாய்மொழியாகச் சொன்னது நான். செருப்பு மாட்டுகிற நேரத்துக்குள் அது காற்றில் போய்விட்டது.

திங்கட்கிழமை படைக் கொட்டகைக்குப் போனேன். அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். "நானும் வரேன்" என்றார். தடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். தடுக்கவில்லை, பக்கத்தில் நடந்து வந்தார்.

கொட்டகையில் ஈர உடைகள் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தன. ஆட்கள் நீள பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். உன் மாமாவும் அவர்களோடு பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். எனக்கு நாற்காலி போட்டார்கள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று பயம். அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தை முதல் வரியிலிருந்து வாசித்தேன். நம் கடைச் சண்டியின் பலவீனத்தையும் வாசித்தேன். சேறு புகுவது, குளிரில் கொட்டுவது, வளையம் பிதுங்குவது, ஒன்றையும் விடவில்லை. உன் சரக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. "இந்த இடத்துக்கு இதுதான் நல்லது. ஆனா கரையில நேரம் பாக்க ஒருத்தர் இல்லாம இதைப் போட்டுக்கிட்டு யாரும் இறங்காதீங்க" என்றேன்.

ஒட்டடைக்கம்பு மட்டும் சிரித்தான். "அன்னைக்கு அண்ணன் என் காலைப் பிடிச்சப்ப, ஏதோ மன்னிப்பு கேக்குறாருன்னு நினைச்சேன்" என்றான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

தலைவர் விளக்கத் தாளையும் என் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "முன்பக்கம் ரெண்டுலயும் ஒரே வார்த்தையாட்டம் இருக்கே. இந்தப் பின்பக்கம் எங்களுக்கு முதல்லயே ஏம்மா வரல?"

நான் பெஞ்சைப் பார்த்தேன். உன் மாமா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் அவரே எழுந்து சொல்வார் என்று காத்திருந்தேன். உண்மையில் அதற்குத்தான் அங்கே போனேன் போல. அவர் எழுந்திருக்கவில்லை.

"எங்க வீட்டுல இருந்துதான் சார் போச்சு" என்றேன். "என் வீட்டுக்காரர் அனுப்பினார், என் தம்பி அச்சடிச்சான். பின்பக்கம் இருக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரியும்."

டீ டம்ளரை ஒருவர் கீழே வைத்த சத்தம் கேட்டது. தலைவர் கோபப்படவில்லை. இனிமேல் கரைக்காவல் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது என்று அப்போதே கரும்பலகையில் எழுதச் சொன்னார். உன் கம்பெனிக்கு விளக்கம் கேட்டு எழுதப்போவதாகவும் சொன்னார். உன்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அதற்கு முன்னால் உனக்கு என் எழுத்தில் தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். யாரோ சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டாம். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

உனக்காகவும் அவருக்காகவும் வேண்டிக்கொள்வதை நான் நிறுத்தவில்லை. மன்னிப்பு வேறு. அது இன்னும் வரவில்லை. வராததை வந்ததாக எழுத எனக்குத் தெரியாது.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்தோம். கேட்காத காது என் பக்கம் இருந்தது. பாதி வழியில், முன்சீட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"கட்டின புருஷனைக் காட்டிக் குடுத்துட்டியே."

நான் எழுந்து, அவர் முழங்காலைத் தாண்டி, கேட்கிற காதுப் பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அட்டையைக் காட்டினேன், பேரைக் குடுத்தேன். ரெண்டையும் உங்க கண்ணு முன்னாலதாங்க செஞ்சேன்."

அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார். நம் வீடு அதற்கடுத்த நிறுத்தம்.

அக்கா